நிறைமாத நோன்பும் வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பும்



ரமளான் பிறை தென்பட்டதும், நிறைமாதக் கர்ப்பிணி உள்ள வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழுவதுண்டு. "எல்லாரும் நோன்பிருக்க அவள் மட்டும் எப்படி உண்பாள்?" என்பது ஒன்று. "பரிசோதனை நாளில் மட்டும் நோன்பை விட்டு, பழச்சாறு குடித்துவிட்டுப் போனால் எல்லாம் சரியாக வரும்" என்பது மற்றொன்று.

மயிலாப்பூரில் வாழும் எங்கள் குடும்பத்திலும் இவ்விரண்டும் எழுந்தன. மருமகளுக்கு அப்போது 34ஆம் வாரம். அடையாற்றில் அவரைப் பார்த்துவந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

என்.எஸ்.டி. என்னும் பரிசோதனையில் தாயின் வயிற்றில் பட்டை கட்டிச் சிசுவின் இதயத் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. 20 நிமிடங்களுக்குள் இருமுறையேனும், துடிப்பு 15 கூடி 15 வினாடிகள் நீடித்தால் அது நல்ல அறிகுறி. பிள்ளை உறங்கினால் அந்த ஏற்றம் தென்படாது. அதனால் 40 நிமிடம் வரை காத்திருப்பர். தாய்க்குச் சர்க்கரை கொடுப்பதால் இம்முடிவு மேம்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

ஆனாலும் தாயின் உணவு அற்பமானதன்று. அவள் உண்டபின் சிசுவின் மூச்சசைவுகள் கூடுகின்றன; நெடுநேரப் பட்டினியில் குறைகின்றன. பனிக்குட நீர் குறைந்தோருக்குத் தண்ணீர் அருந்துவது அதைக் கூட்ட உதவுகிறது. ஆகவே, உணவு பரிசோதனைத் தாளுக்காக அன்று, பிள்ளைக்காகவே.

நீரிழிவு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா முன்னெடுத்த முறையில், உண்டிருந்தாலும் இல்லாவிடினும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை அளக்கிறார்கள். 140 மில்லிகிராமை எட்டினால் அது கர்ப்பகால நீரிழிவு. இன்சுலின் போடுபவர் மருத்துவரைக் கேளாமல் நோன்பிருப்பது ஆபத்து.

பர்தா அணிந்த பெண்கள் தயக்கமின்றி மருத்துவம் பெறுவதற்கென்றே 1885இல் கோஷா ஆஸ்பத்திரி தோன்றிய நகரம் இது. நோன்பிருப்பதை மருத்துவரிடம் சொல்ல நம் பெண்கள் ஏன் தயங்க வேண்டும்? பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், பழச்சாறு குடித்துவிட்டுக் காத்திராமல், நோன்பு திறக்கும் நேரத்தையும் எதிர்பாராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோன்பை நிறைவு செய்யலாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் இலகுவாக்குகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை உண்டென்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். பேறுகால வேதனையில் தவித்த மர்யம் (அலை) அவர்களுக்குப் பேரீச்சம் பழத்தையும் நீரையும் அருளி, உண்டு பருகி மனம் குளிருமாறு சொன்னவன் அல்லாஹ்வே அல்லவா?

எங்கள் மருமகள் அவ்வாண்டு நோன்பை விட்டார். பகலில் அவருக்கு மாமியாரே சோறு பரிமாறினார். விட்ட நோன்புகளை அவர் பின்னர் நிறைவேற்றுவார். அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிதலே. கர்ப்பிணி வெட்கமின்றி உண்ணும்படி இல்லத்தை அமைப்பது நம் கடமை.

கருவுற்ற சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் சுகப்பிரசவத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.