ஐந்தே ஐந்து தாங்கிகள்

என் தங்கையின் பேரன் கொஸ்லந்தயிலிருந்து பதினொரு பக்க ஆவணமொன்றை அனுப்பி, பிரதி திருத்தித் தருமாறு கேட்டிருந்தான். தலைப்பு: “ஏ.எம்.எக்ஸ்.-50 யுத்த தாங்கியை விளையாட்டில் சேர்ப்பதற்கான முன்மொழிவு”. நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைப் பிரதிகளைத் திருத்தியிருக்கிறேன். சம்பளப் போராட்டச் செய்திகள், அமைச்சர்களின் அறிக்கைகள், மரண அறிவித்தல்கள் என்று என் பேனா படாத விடயம் குறைவு. யுத்த தாங்கி ஒன்றுக்கு விண்ணப்பம் திருத்துவது இதுவே முதல் தடவை.

விடயம் இதுதான். கைத்தொலைபேசியில் விளையாடும் போர் விளையாட்டொன்று. (பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும்.) உலகின் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் ஆளுக்கொரு தாங்கியில் ஏறிக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். தாங்கிகள் எல்லாம் சரித்திரத்தில் உள்ளவை. இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், விளையாடுபவர்களே அதற்கான சான்றுகளுடன் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு எழுதலாம். இவன் எழுதுவது பிரான்சின் முன்மாதிரித் தாங்கியொன்றைப் பற்றி. பெரிய கணினி விளையாட்டுகளில் அந்த வண்டி முன்பே இடம்பெற்றுவிட்டதாம். அவற்றை ஓட்டக்கூடிய கணினி எங்கள் வீட்டில் இல்லை. வாங்கினாலும் மலையில் மழை பிடித்தால் மின்சாரம் இருக்காது. ஆகவே அந்த வண்டி தொலைபேசிக்கு வந்தாக வேண்டும் என்பது அவன் கட்சி.

“தாங்கிக்கு எழுதுகிறான்” என்று கேள்விப்பட்ட என் தங்கை, பிரதேச சபைக்குத்தான் எழுதுகிறான் என்று மகிழ்ந்துபோனாள். தோட்டத்தில் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கிதான். சிரித்துவிட்டேன், ஆனால் அவள் சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் இந்த வண்டியை இரகசியமாகச் செய்தபோது, விடயம் வெளியே கசியாமலிருக்க, தண்ணீர் கொண்டுசெல்லும் இரும்புத் தொட்டி என்றே சொல்லிவைத்தார்கள். 1916 செப்டெம்பரில் போர்க்களத்தில் இறக்கிய பிறகும் ‘டாங்க்’ என்ற மறைபெயரே நிலைத்துவிட்டது. அதைத் தமிழில் தாங்கி என்று எழுதத் தொடங்கிய நம் பத்திரிகையாளர்கள் அறிந்தோ அறியாமலோ பழைய பொய்யை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள்.

ஏ.எம்.எக்ஸ்.-50 பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1945இல், போர் முடியும் தறுவாயில், பிரான்சிடம் சொல்லத்தக்க கனரகத் தாங்கி எதுவும் இருக்கவில்லை. நான்காண்டுகள் ஜேர்மனியரின் பிடியில் இருந்த நாடு. தன் தொழிற்சாலைகள் இன்னும் உயிரோடிருப்பதை உலகுக்குக் காட்டும் அவசரம் அதற்கு இருந்தது. போர் முடிந்தபின் சில காலம் ஜேர்மனியர் விட்டுச்சென்ற பாந்தர் தாங்கிகளையே பிரெஞ்சுப் படையணியொன்று ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாந்தரைப் பார்த்தும் படித்தும் அதைவிடச் சிறந்ததாகச் செய்ய முயன்றதன் பலனே இந்த வண்டி. சில்லுகள் ஒன்றன்மேலொன்று படிந்திருப்பது ஜேர்மன் வழக்கம். இயந்திரமும் ஜேர்மன் மேபாக் பரம்பரையில் வந்தது.

பீரங்கி பொருத்திய சுழல் கோபுரம் மட்டும் முழுக்கப் பிரெஞ்சு மூளை. வழமையான தாங்கியில் கோபுரம் பக்கவாட்டில் சுழலும். குழல் மட்டும் மேலும் கீழும் அசையும். இதில் கோபுரமே இரண்டு துண்டு. கீழ்த்துண்டு சுழல்கிறது, குழல் இறுக்கமாகப் பொருத்தப்பட்ட மேல்துண்டு அதன்மேல் ஊஞ்சல் போலத் தலையசைக்கிறது. குழலும் குண்டுப்பெட்டியும் எப்போதும் ஒரே கோட்டில் இருப்பதால், குண்டேற்ற ஆள் வேண்டியதில்லை, பொறியே ஏற்றிவிடும். குறை என்னவென்றால், இரண்டு துண்டுகளுக்கும் இடையில் உள்ள இடைவெளி. அணுக்குண்டு யுகத்தில், நச்சுக்காற்றும் கதிர்வீச்சுத் தூசியும் புகாமல் அதை அடைப்பது பெரும்பாடாயிற்று.

மொத்தம் ஐந்தே ஐந்து முன்மாதிரிகள் செய்யப்பட்டன. முதலில் வந்தவை ஏறத்தாழ 54 தொன் எடையும் 100 மில்லிமீற்றர் பீரங்கியும் கொண்டவை. பின்னால் 120 மில்லிமீற்றருக்குப் போனார்கள், எடையும் ஏறிற்று. இதற்கிடையில் அமெரிக்கா எம்-47 தாங்கிகளை உதவியாக நூற்றுக்கணக்கில் கொடுத்தது. இலவசமாக ஒன்று வாசலில் நிற்கும்போது, கோடிகளைக் கொட்டி இன்னொன்றைச் செய்ய எந்த நிதியமைச்சர் ஒப்புவார்? எவ்வளவு தடித்த கவசத்தையும் துளைக்கும் புதுவகை எறிகணைகளும் வந்துவிட்டன. ஐம்பதுகளின் இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு போரிலும் அது ஒரு வேட்டும் தீர்க்கவில்லை.

அதன் தம்பி ஏ.எம்.எக்ஸ்.-13இன் கதை வேறு. அதே ஊஞ்சல் கோபுரம், 15 தொன்னுக்குள் அடங்கிய உடம்பு. இந்தியா அதை வாங்கியது. 1962 ஒக்டோபரில், சீனாவுடனான போரின்போது, அன்ரனோவ் விமானங்களில் ஏற்றி லடாக்கின் சுஷூல் மேட்டில் இறக்கினார்கள்; பதினாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம் அது. 1965 செப்டெம்பர் முதலாம் திகதி சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் பாட்டன் தாங்கிகளை எதிர்த்து நின்றவையும் இந்தச் சின்ன வண்டிகளே. சிங்கப்பூர் வாசகர்களுக்கும் இது அந்நியமில்லை. 1969 தேசிய நாள் அணிவகுப்பில் அவர்கள் முதன்முதலாகக் கண்ட தாங்கி இதுதான். அண்ணனைப் பற்றி எழுதும்போது தம்பியைப் பற்றியும் ஒரு பந்தி சேர்க்கச் சொன்னேன். “தாத்தா, அது ஏற்கெனவே விளையாட்டுல இருக்கு. எடம் வீண்” என்று மறுத்துவிட்டான். நல்ல உதவி ஆசிரியனாக வருவான்.

உண்மையில் அவன் பிரதியில் நான் கைவைக்க அதிகம் இருக்கவில்லை. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தான்: யார் சொன்னது, எப்போது சொன்னது, நேரில் கண்டவரா. எடைக்கு ஒரு வரி, கவசத் தடிப்புக்கு ஒரு வரி, குழலின் விட்டத்துக்கு ஒரு வரி என்று போகிறது. எனக்குத் தெரிந்த சில மூத்த நிருபர்களிடம் நான் வருடக்கணக்காகக் கெஞ்சியும் பெற முடியாத ஒழுங்கு அது. மூன்றாவது கட்டத்தை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். “ஆத்தாவோட கொப்பியில” என்றான்.

அந்தக் கொப்பியை நான் அறிவேன். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை, அம்பிட்டிகந்த தோட்டத்தின் மீரியபெத்த பிரிவில் மலை இறங்கி லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் ஆபத்தான இடம் என்று எச்சரித்திருந்த மலை. என் தங்கை குடும்பம் இருந்த லயம் தப்பியது. இவனுக்கு அப்போது எட்டு வயது. அன்றிரவு பாடசாலையொன்றில் தங்கவைக்கப்பட்டார்கள். கொழும்பிலிருந்தும் உலகெங்கிலுமிருந்தும் தொலைக்காட்சிகள் காணாமற்போனோர் தொகையை அறிவித்துக்கொண்டிருந்தன. ஒருவர் முந்நூறு என்றார், ஒருவர் நூற்றுக்கு மேல் என்றார். நாட்கள் செல்லச் செல்ல அது பத்துக்கணக்கில் இறங்கியது. தொகை இறங்கியது நல்ல செய்திதான். காலை ஏழு மணிக்குப் பின் நடந்ததால் பிள்ளைகள் பலர் பாடசாலைக்கும் பெரியவர்கள் பலர் மலைக்கும் போயிருந்தனர். ஆனால் அறிவித்தவர்களில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள்?

என் தங்கை எண்ணினாள். பாடசாலை வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதுபோல, முதல் காம்பராவிலிருந்து தொடங்கி வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். யார் உள்ளே, யார் கொழுந்துக்குப் போனது, யார் கொழும்பில் கடை வேலைக்கு, எந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தது. அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. இவனுடைய அக்கா கொப்பியில் எழுதினாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அன்று காலை அவரை நேரில் கண்டவர் பெயர். அதிகாரிகள் யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. இன்றும் தகரப்பெட்டியில், அடையாள அட்டைகளோடு இருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் ஓரிடத்தில் மட்டும் கை தளர்ந்திருந்தான். இயந்திரத்தின் வலு: 1000 குதிரைவலு. “யார் சொன்னது” என்ற கட்டத்தில் “திட்டம்” என்றிருந்தது; மூன்றாவது கட்டம் வெறுமை. அந்த மேபாக் இயந்திரத்திலிருந்து 1000 குதிரைவலு பெறுவதே வடிவமைத்தவர்களின் கனவு. அந்தக் கனவு பலிக்கவில்லை. வேறோர் இயந்திரத்தை வைத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. வண்டி நினைத்த வேகத்தில் ஓடாமல் மணிக்கு 50 கிலோமீற்றரைச் சுற்றியே நின்றது. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஐந்தாம் பக்கத்தில் அவனே எழுதியும் இருக்கிறான். அட்டவணையில் மட்டும் கனவைப் போட்டிருந்தான்.

தொலைபேசியில் அரைமணி நேரம் வாதாடினோம். கொஸ்லந்தயில் அவன் வீட்டு முற்றத்தின் ஒரு மூலையில்தான் அலை கிடைக்கும். மழைத்தூறலில் நின்றுகொண்டே பேசினான்.

“எல்லா வண்டிக்கும் திட்டத்துல உள்ளதத்தான் குடுக்குறாங்க தாத்தா. நான் கொறைச்சுப் போட்டா யாரு இத ஓட்டுவா? ஓட்ட ஆள் இல்லேன்னா சேக்கவே மாட்டாங்க.”

அவன் வாதத்தில் வலு இருக்கிறது. விளையாட்டுக்காரர்களுக்கு வேண்டியது வெல்லும் வண்டி. மெய்யான ஏ.எம்.எக்ஸ்.-50, இயந்திரம் திணறும் ஏ.எம்.எக்ஸ்.-50, அதுவாக இருக்காது. வரவில்லையென்றால் அவனுடைய எட்டு மாத உழைப்பு வீண். என்ன செய்வதென்று நான் சொல்லவில்லை. வெறுமையாக இருக்கும் மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதப்போகிறாய் என்று மாத்திரம் கேட்டேன். சற்று நேரம் மழைச் சத்தம் கேட்டது. பிறகு அலை அறுந்துவிட்டது. அல்லது அவன் அறுத்துவிட்டான்.

எனக்கு இன்னொரு உறுத்தலும் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். 1993 நவம்பரில் பூநகரி முகாம் தாக்கப்பட்டு, இராணுவத்தின் டி-55 தாங்கிகளை விடுதலைப் புலிகள் கைப்பற்றிய செய்தி வந்த இரவில் நான் செய்தி மேசையில் இருந்தேன். இரு தரப்பின் தொகைகளும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து தலைப்பு எழுதியவனுக்கு, தாங்கி என்பது விரலால் தட்டி விளையாடும் பொருளாகத் தோன்றாது. ஆகவேதான் போலும், ஒரு வேட்டும் தீர்க்காத தாங்கியை இவன் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. அவனிடம் காரணம் கேட்டபோது, கோபுரம் அழகாகத் தலையாட்டுகிறது என்றான். அவ்வளவுதான். நான் தேடிய காரணம் எதுவும் அவனிடம் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் புதிய பிரதி வந்தது. இயந்திரத்துக்கு இப்போது இரண்டு வரிகள். முதல் வரி: எதிர்பார்த்தது 1000 குதிரைவலு. இரண்டாவது: அதை எட்டியதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. கீழே, “எதைக் கொடுப்பதென்று நீங்களே தீர்மானியுங்கள், குறைந்ததைக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்” என்று எழுதியிருந்தான். கடைசி நான்கு சொற்களை வெட்டச் சொல்லலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை.

இன்னொரு மாற்றமும் செய்திருந்தான். முதலில் எழுதியது 100 மில்லிமீற்றர் பீரங்கி கொண்ட வண்டிக்கு. அது இன்று படங்களில்தான் இருக்கிறது. எஞ்சியிருப்பது கடைசி வடிவம், 120 மில்லிமீற்றர் பீரங்கியோடு, பிரான்சின் சோமூர் நகரிலுள்ள கவச வாகன அருங்காட்சியகத்தில். எண்ணூறுக்கு மேற்பட்ட வாகனங்களைச் சேர்த்துவைத்திருக்கும் இடம் அது. “நேரில் கண்டவரா” என்ற கட்டத்தை நிரப்பக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் அதற்கே மாறிவிட்டானாம்.

பாரிஸ் லா சப்பலில் இருக்கும் பழைய நண்பரொருவர், எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர், எனக்காக ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து லுவார் நதிக்கரை வரை ரயிலில் போய் வந்தார். எழுபது வயதில், முழங்கால் வலியோடு. படங்கள் அனுப்பினார். தாங்கியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் லயத்தில் இரண்டு காம்பரா அளவு இருக்கும் என்று எழுதியிருந்தார். அவரும் ஹப்புத்தளைப் பக்கத்துக்காரர். குழல்முனையிலிருந்து பின்புறம் வரை நடந்து பார்த்ததில் பதின்மூன்று எட்டு என்றும் குறித்திருந்தார்.

எல்லாவற்றையும் பேரனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தான். கூடவே ஒரு கேள்வி: அவருடைய ஓர் எட்டு எத்தனை சென்ரிமீற்றர்?

இன்றிரவு பாரிஸுக்குப் பேச வேண்டும்.