நிலைப்படியில் ஒரு கிணறு

எங்கள் வீட்டில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே, நிலைக்கு அடியில், ஆறு அங்குல அகலத்துக்குக் கருப்பு கிரானைட் பட்டை ஒன்று பதித்திருக்கிறது. தரையோடு தரையாக இருக்கும், காலில் இடறாது. தரை கூட்டும் ரோபோ வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்தப் பட்டையின் விளிம்புவரை போய் நின்றது. பின்வாங்கியது. கொஞ்சம் தள்ளி மறுபடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த நாளும் அப்படித்தான். கூடம் பளிச்சென்று இருக்கும், அடுக்களையில் கடுகும் பருப்பும் கிடந்தது கிடந்தபடி இருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியும், விடியுமுன் வாரியலை எடுத்துவிடுவாள். அதைத் தடுக்கத்தான் இந்தக் கருவியை வாங்கினேன். வாரியலைப் பறிகொடுத்தவள், நாற்காலியில் உட்கார்ந்து கருவி போகும் திசையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அறுபது வருஷம் வீடு தூத்தவளின் பார்வை அது. எந்த மூலை விடுபட்டது, எங்கே இரண்டு தடவை போனது என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். நான்காம் நாள் சொன்னாள்:

“ஏட்டி, கிணத்தங்கரைக்குப் போன பிள்ள மாதில்லா அது திரும்புது. அங்க பள்ளம்னு நினைக்கு.”

அன்று மதியம் ஒரு வெள்ளைத் தாளை அந்தப் பட்டைமேல் ஒட்டினேன். கருவி தயங்காமல் கடந்து அடுக்களைக்குள் போய்விட்டது. உள்ளே இருந்தபோது தாளை எடுத்தேன். திரும்பி வர வழியில்லாமல் அடுப்புமேடைக்கும் நிலைக்கும் நடுவே போய்ப்போய் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. தாளை மறுபடி ஒட்டினேன், வெளியே வந்துவிட்டது. அம்மா சொன்னது சரி.

ஓடிக்கொண்டிருந்த கருவியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். முன்விளிம்பை ஒட்டி நான்கு சின்னக் கண்ணாடிச் சன்னல்கள் இருந்தன. வெறும் கண்ணுக்கு அவை இருட்டு. செல்போன் கேமராவை அருகில் கொண்டுபோனால் வெளிறிய ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுங்குகிறது. அகச்சிவப்பு ஒளி. அது தரையில் பட்டுத் திரும்பி வந்தால் தரை இருக்கிறது என்று பொருள். வராவிட்டால் அங்கே தரை இல்லை, படிக்கட்டு. கருப்புக் கல் ஒளியை விழுங்கிவிடுகிறது, எதுவும் திரும்பி வருவதில்லை. கருவியைப் பொறுத்தவரை எங்கள் நிலைப்படியில் அடி தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது.

காரணம் தெரிந்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கருவியின் தலையில் ஒரு லேசர் கோபுரம் சுழல்கிறது. அது வீட்டை அளந்து வரைந்த படம் என் போனில் இருக்கிறது. அந்தப் படத்தில், திறந்த கதவு வழியாக லேசர் எட்டிப் பார்த்த அளவுக்கு அடுக்களையும் விசிறி போல விரிந்து தெரிகிறது. அப்பால் ஓர் அறை இருப்பது கருவிக்குத் தெரியும். தெரிந்தும் அது போகவில்லை. தலை அறிந்ததைக் கால் நம்பவில்லை. இப்படி ஓர் உயிரை யார் செய்தார்கள், எதற்காக அறிவுக்கு மேல் அச்சத்தை வைத்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கையில் சிக்கியது 2003இல் ஐரோபாட் நிறுவனம் பெற்ற ஓர் அமெரிக்கக் காப்புரிமை. அதில் இந்தச் சன்னலின் கணக்கு முழுதும் இருக்கிறது. ஒளியை அனுப்பும் கண்ணையும் வாங்கும் கண்ணையும் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். இரண்டின் பார்வையும் ஒரு சின்ன இடத்தில் மட்டும் சந்திக்கும். தரை அந்த இடத்தில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் திரும்பு. தூரத்தை அளப்பதில்லை, ஆழத்தைக் கணக்கிடுவதில்லை. கேள்வி ஒன்றுதான்: இருக்கிறதா, இல்லையா?

அதில் கண்டுபிடிப்பாளராகப் பெயர் பெற்றிருப்பவர் ஜோ ஜோன்ஸ். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்தவர். 1989இல் அங்கே உள்ளுக்குள் நடந்த ஒரு ரோபோ போட்டிக்காக, தரையைச் சுத்தம் செய்யும் சின்னக் கருவி ஒன்றைச் செய்தார். ‘ரக் வாரியர்’ என்று பெயர். அது கடைக்கு வரப் பதின்மூன்று வருஷம் ஆனது. 1999இல், ஐரோபாட்டில் சக பொறியாளர் பால் சாண்டினோடு சேர்ந்து அதைச் செய்ய அனுமதி கேட்டபோது கிடைத்தது இரண்டு வாரமும் கொஞ்சப் பணமும். அதில் பிறந்த மாதிரிதான் 2002 செப்டம்பரில் ரூம்பா என்ற பெயரில் சுமார் 200 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் அதற்கு முந்தின வருஷமே டிரைலோபைட் என்ற ரோபோவை விற்கத் தொடங்கியிருந்தது. வௌவால் போல ஒலியலை அனுப்பி வழி அறியும் நல்ல கருவி. ஆனால் விலை ரூம்பாவைவிடப் பல மடங்கு. யார் முதல் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. சாதாரண வீட்டுக்குள் எது நுழைந்தது என்பதே என் கேள்வி, அதற்கு விடை ரூம்பாதான்.

ஜோன்ஸ் முதலில் செய்தது உறிஞ்சும் கருவியே இல்லை என்பது இந்தத் தேடலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சுழலும் தூரிகையால் குப்பையை வாரித் தட்டில் போடும் கருவி அது, அதாவது ஒரு வாரியல். பேட்டரியிலிருந்து அதற்குக் கிடைத்ததே மொத்தம் 30 வாட் அளவுதான். வீட்டுக்கு வாங்கும் வாக்குவம் கிளீனரோ ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். அந்தக் கணக்கில் உறிஞ்சுவது கட்டுப்படியாகாது என்பது பொறியாளர்களின் முடிவு. ஆனால் பொதுமக்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்டபோது, உறிஞ்சாத ஒன்றுக்கு அவ்வளவு பணம் தரமாட்டோம் என்றார்கள். ஜோன்ஸ் மூன்று வாட்டை மட்டும் ஒதுக்கினார். காற்று நுழையும் வாயை ஒரு மெல்லிய கீற்றாகக் குறுக்கினார். வாய் குறுகினால் கொஞ்சக் காற்றும் வேகமாகப் பாயும் என்பது, ஊதாங்குழலால் அடுப்பு ஊதியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத உண்மை. அட்டையையும் ஒட்டும் டேப்பையும் வைத்தே அதைச் செய்து பார்த்து நிரூபித்தார்.

இந்தக் கருவியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் செய்த உறிஞ்சும் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். குதிரை இழுத்துவந்த அந்த வண்டியைத் தெருவில் நிறுத்தி, சன்னல் வழியே குழாய் விட்டு வீடுகளைச் சுத்தம் செய்தார்கள். அழகான கதைதான். ஆனால் எங்கள் வீட்டுக் கருவியின் வம்சம் அது இல்லை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். உறிஞ்சுவது இதற்குப் பிற்பாடு ஒட்ட வைத்த குணம். பிறவிக் குணம் நடப்பது, முட்டுவது, விழாமல் திரும்புவது.

அந்தப் பிறவிக் குணத்தைத் தேடிப் போனால் ராட்னி புரூக்ஸிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஐரோபாட்டை 1990இல் காலின் ஆங்கிள், ஹெலன் கிரெய்னர் ஆகியோரோடு சேர்ந்து தொடங்கியவர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். மாணவராக ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, ஹான்ஸ் மொராவெக்கின் வண்டிக்கு உதவியாக இரவு இரவாக நின்றிருக்கிறார். அந்த வண்டி கேமராவில் உலகைப் பார்த்து, படமாக வரைந்து, யோசித்து, ஒரு மீட்டர் நகரும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் யோசனை. மறுபடி ஒரு மீட்டர். 1979இல் நாற்காலிகள் போட்ட ஓர் அறையை, இருபது மீட்டர் தூரத்தை, ஐந்து மணி நேரத்தில் கடந்தது. அதற்குள் வெயில் நகர்ந்து நிழல்கள் இடம் மாறினால் வண்டியின் படமே பொய்யாகிவிடும்.

சில வருஷம் கழித்து, தாய்லாந்தில் மனைவியின் உறவினர் வீட்டில் புரூக்ஸ் தங்க நேர்ந்தது. தண்ணீர்மேல் தூண் நட்டுக் கட்டிய வீடு. அவரோடு ஆங்கிலம் பேச யாரும் இல்லை, அவருக்குத் தாய் மொழி தெரியாது. சும்மா உட்கார்ந்து பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஈயின் மூளை எவ்வளவு? அது எந்தப் படத்தை வரைகிறது? எதையும் வரையாமல் அது பறக்கிறது, தப்புகிறது, இறங்குகிறது. உலகத்தை உள்ளே படமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, உலகமே எதிரில்தான் இருக்கிறது, கேட்கிற நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கே பிடிபட்டது. 1986இல் அதைக் கட்டுரையாக எழுதினார். அடுக்கடுக்கான சிறு பழக்கங்கள். அடியில் இடிக்காமல் இரு என்ற பழக்கம், அதன்மேல் அலைந்து திரி என்பது, அதன்மேல் தேடிப் போ என்பது. மேலே எத்தனை அடுக்கு வந்தாலும் அடி அடுக்கு யாரையும் கேட்டு நிற்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைப் படித்த இரவு எழுந்துபோய் நிலைப்படி அருகே நின்றேன். எங்கள் கருவியின் லேசர் படம் பின்னால் வந்த அடுக்கு. 2010 வாக்கில்தான் அத்தகைய லேசர் வீட்டுக் கருவியில் வைக்கும் அளவுக்கு மலிந்தது. விழாதே என்பது அதற்கும் முந்திய அடுக்கு. அது படத்தைக் கேட்பதில்லை.

சொல்லியாக வேண்டிய இன்னொன்றும் உண்டு. ரூம்பாவுக்கு முன், 1990களில், இதே நிறுவனம் சிதறிக் கிடக்கும் வெடிக்காத குண்டுகளை அகற்றும் ரோபோ ஒன்றில் உழைத்தது. ஒரு பரப்பை இடம் விடாமல் எப்படிச் சுற்றி முடிப்பது என்ற பாடம் அந்த வெடி நிலத்திலும் படித்தது. எங்கள் கூடத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்து வரும் நடைக்குள் அதுவும் இருக்கிறது என்பதை அறிந்த பிறகு, அந்த நடையை முன்போல லேசாகப் பார்க்க முடியவில்லை.

புரூக்ஸுக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். அடிலெய்டில் சிறுவனாக இருந்தபோது புரூக்ஸ் ஒரு புத்தகத்தைப் படித்து, அதில் சொன்னபடி தரையில் ஊரும் ரோபோ ஒன்றைத் தானே செய்தார், நார்மன் என்று பெயரும் வைத்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் வில்லியம் கிரே வால்டர். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பர்டன் நரம்பியல் நிறுவனத்தில் மூளையின் மின்னலைகளை ஆராய்ந்தவர். 1948, 49 வாக்கில் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமைகளைச் செய்தார். மூன்று சக்கரம், இரண்டு மோட்டார், மூளை நரம்பணுவுக்கு ஈடாக இரண்டே இரண்டு வால்வு, ஒளியை அறியும் ஒரு கண், மேலே கவிழ்த்த ஓடு. இரண்டு நரம்பணு இருந்தாலே ஒரு பிராணியின் நடத்தை வந்துவிடுமா என்று பார்ப்பது அவர் நோக்கம். வந்துவிட்டது. ஆமைகள் வெளிச்சத்தைத் தேடிப் போயின, மிகுந்த வெளிச்சத்தை விட்டு விலகின, தடை வந்தால் சுற்றிப் போயின.

அந்த ஓட்டைப் பற்றிப் படித்தபோது எங்கள் கருவியின் முன்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஆமையின் ஓடு உடம்போடு இறுக ஒட்டியதல்ல, தொங்கலாக மாட்டியது. எதிலாவது முட்டினால் ஓடு அசையும், அசைந்தால் மின்தொடர்பு கூடும், ஆமை திசை மாறும். எங்கள் கருவியின் முன் பம்பரும் அழுத்தினால் உள்ளே போய் மீள்கிறது. சுவரில் மோதித் திரும்பும் அந்த அசைவு எழுபது வருஷத்துக்கு மேல் பழையது. இன்னொன்று: பேட்டரி தீரும் தறுவாயில் எல்சி, விளக்கு எரியும் தன் கூட்டுக்குத் தானாகப் போய்ச் சேரும், அங்கே சார்ஜ் ஏறும். எங்கள் கருவி சாயங்காலம் டிவி மேசைக்கு அடியில் போய் ஒடுங்குவதைப் பார்த்து அம்மா, “கூடடைஞ்சிட்டு” என்பாள். வால்டரை அவளுக்குத் தெரியாது. ஆனால் வால்டர் கட்டியதும் ஒரு கூடுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒரு ராத்திரி சொன்னேன். ஈயைப் பார்த்தவரின் கதை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. “பேச்சுத்துணை இல்லாத வீட்டுல ஈயத்தான் பாக்கணும்,” என்றாள். பிறகு கேட்டாள்:

“வெள்ளையா இருந்தா போவும்னுதான சொன்ன?”

“ஆமாம்மா. ஆனா தாளு நிக்க மாட்டேங்குது, ரெண்டு நாள்ல பிஞ்சிடுது.”

வியாழக்கிழமை ராத்திரி பச்சரிசியை ஊறப்போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை நான் எழுந்து வந்தபோது, நாற்காலியை நிலைப்படியோரம் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். அடுக்களையில் இருந்த நீளக் கைப்பிடித் துடைப்பான் நுனியில் துணி சுற்றி, கீழே கிண்ணத்தில் மாவில் தோய்த்து, கருப்புப் பட்டை முழுக்க மெழுகி முடித்திருந்தாள். குனியவில்லை என்று என்னிடம் காட்டுவதற்காக முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். மெழுகின மாவு காய்ந்து வெள்ளை ஏறும்வரை ஃபேனைப் போட்டுக் காத்திருந்தோம். ஈரத்துணியால் துடைக்கும் பாகத்தைக் கருவியிலிருந்து கழற்றி வைத்தேன்.

ஏழு மணிக்குக் கருவி கிளம்பியது. சோபாவைச் சுற்றியது, சாப்பாட்டு மேசையின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது, பிறகு நிலைப்படிக்கு வந்தது. காய்ந்த மாவின்மேல் ஏறி, நிற்காமல் அடுக்களைக்குள் போனது. உள்ளேயிருந்து கடுகு உருண்டு ஏறும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு ஒரு இழை கூடப் போடணும்,” என்றாள் அம்மா. “ஓரத்துல கருப்புத் தெரியுது.”