தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று

அம்மாயியின் தலையில், நெற்றிக்குச் சற்று மேலே, விரல் அகலத்துக்கு முடியே இல்லாமல் வழுவழுவென்று ஒரு தடம் இருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கை அந்த இடத்தில் வழுக்கும். இறத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கிழவிகள் எல்லோருக்கும் அது இருந்ததால், வயதானால் வரும் நரை மாதிரி அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன். மாத்தளை டவுனில் கூட்டாளி வீட்டுப் பாட்டியைப் பார்த்த பிறகுதான் அது கூடைக்கயிறு போட்ட கோடு என்று உறைத்தது.

கொழுந்துக் கூடையை ஏசுவதற்கு முன் மெச்சத்தான் வேண்டும். மூங்கிலை இடைவெளி விட்டுப் பின்னியிருப்பார்கள். முதுகில் தொங்குவதால் இரண்டு கையும் கொழுந்துக்கே. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாக வீசினால், திரும்பிப் பார்க்காமலே உள்ளே விழும். வாய் அகலம், அடி குறுகல். நிரைக்குள் நடக்கும்போது செடி பிடித்து இழுக்காது. ஆனால் சூட்சுமம் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். ஒடித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். காற்றுப் படாமல் அமுக்கினால் புழுங்கிச் சூடேறி, தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன்பே சிவந்துவிடும். சிவந்த கொழுந்து நல்ல தூளாகாது. கூடையைப் பின்னியவர் இலையின் உடம்பை நன்றாக அறிந்திருக்கிறார்.

சுமக்கிறவளின் உடம்பைத்தான் யாரும் கேட்கவில்லை. மொத்தப் பாரமும் ஒரு கயிற்றில், அந்தக் கயிறு தலையில், தலை கழுத்தில். பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால், அந்த 18 கிலோவும் காய்ந்து நாலு கிலோ தூளாகத்தான் மிஞ்சும். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கென்று ஒரு கழிவு, ஈரத்துக்கென்று ஒரு கழிவு. கழித்த கிலோவையும் அதே கழுத்துதான் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தது என்று அம்மாயி சொல்வாள். கோபமாகச் சொல்லமாட்டாள், கணக்குச் சொல்வது போலச் சொல்வாள்.

நேபாளத்துச் சுமைகாரர்களும் நெற்றிப் பட்டையில்தான் கூடை தூக்குகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் தலைப்பக்கம் குறுக்குக் கட்டை வைத்த குட்டைத் தடி ஒன்று இருக்கும். மூச்சு வாங்கினால் அதைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமலே நின்று இளைப்பாறுவார்கள். சுமந்து பார்த்தவனுக்குத்தான் அது தோன்றியிருக்கும். எங்கள் மலையில் கையில் ஒரு கம்பு உண்டு, மட்டக்கம்பு. செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்க்க. அதுவும் செடிக்குத்தான்.

அம்மாயியிடம் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது இடுப்பிலே செருகிய சுருக்குப் பை. பழைய ரவிக்கைத் துணியில் அவளே தைத்தது. உள்ளே மூன்று அறை: வெற்றிலைக்கு ஒன்று, பாக்குக்கு ஒன்று, சுண்ணாம்பு டப்பாவுக்கு ஒன்று. சில்லறையைப் பாக்கோடு போடுவாள். வாயைச் சுற்றி எதிரெதிர்ப் பக்கமாகக் கோத்த இரண்டு கயிறு. ஒரு முனையைப் பல்லில் கடித்து மறு முனையை இழுத்தால் மூடிவிடும். கொழுந்துக் கறை பிடித்து இன்னொரு கை பிசுபிசுத்தாலும் பரவாயில்லை. திறந்தால் உள்ளங்கையில் பூப்போல விரியும், தேட வேண்டியதில்லை. இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குக்கு உள்ளே இருப்பதால் காலைப்பனி நனைக்காது. (வெற்றிலையோடு புகையிலையும் போட்டாள் என்பதையும், அதற்காக டிஸ்பென்சரியில் வாங்கிய ஏச்சையும் இங்கே எழுதப்போவதில்லை.)

வெற்றிலைப் பை இந்த நாட்டில் பெரிய மனிதர்களிடமும் இருந்தது. கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட நூலில் பாக்குவெட்டி, சுண்ணாம்புச் செப்பு, வெற்றிலைப் பை எல்லாவற்றுக்கும் மரியாதையான இடம் கொடுத்திருக்கிறார். கண்டிப் பிரதானிகளின் பூவேலைப் பைகள் அழகுதான். ஆனால் பெரிய பைகளைத் தோளில் மாட்டி வந்தவர்கள் ஏவலாட்கள். அம்மாயியின் பையில் பூவேலை இல்லை; தைத்ததும் சுமந்ததும் திறந்ததும் ஒரே கை.

இப்போது மலையில் மூங்கில் கூடை அருகிவிட்டது. சுற்றுலா விளம்பரங்களில்தான் அதிகம் பார்க்கிறேன். நைலான் பை வந்திருக்கிறது, சில இடங்களில் வெறும் உரச் சாக்கு. பாரம் குறைவு, உண்மைதான். ஆனால் கொழுந்து அதற்குள் புழுங்குகிறது, கயிறு பழைய இடத்திலேயே தொங்குகிறது. கழுத்தை மறந்தவர்கள் இப்போது இலையையும் மறந்துவிட்டார்கள் போல.

போன மாசி மகத் தேருக்கு மாத்தளை வந்தபோது, பழைய லயத்துப் பக்கம் ஏறிப் போனேன். நிரையில் நின்ற ஒரு பிள்ளையின் பைக்கயிற்றைப் பார்த்தேன். தலையில் படுகிற இடத்தில் பழைய கம்பளித் துண்டை நாலாக மடித்து, பட்டையாகத் தைத்திருந்தாள். படங்கின் உள்பக்கம் போனுக்கு ஒரு சின்னப் பை. அதன் வாயில் எதிரெதிராக இரண்டு கயிறு.

“இது யாரு தங்கச்சி சொல்லிக் குடுத்தது?”

“இதெல்லாமா சொல்லிக் குடுப்பாங்க? தல நோகுதுல்லண்ணே” என்றாள். மட்டக்கம்பை எடுத்து அடுத்த செடியின் மேல் வைத்தாள்.