நந்தனாருக்குக் குரல் கொடுப்பது யார்?

நாங்கள் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளி ஆண்டுவிழாவுக்கு நந்தனார் நாடகம் போட்டார்கள். நந்தனாராக நடிக்க ஊர்த்தெருப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் நன்றாகப் பாடுவான், அதை மறுக்கவில்லை. மேடை ஏறும் முன் அவன் முகத்தில் கரியைக் குழைத்துப் பூசினார்கள். காலனிப் பிள்ளைகளான எங்களுக்குப் பண்ணையாட்கள் வேடம். எங்களுக்குக் கரி தேவைப்படவில்லை, வசனமும் கிடையாது. வேதியர் அதட்டும்போது குனிய வேண்டும், நந்தனார் தீயில் இறங்கும்போது கைகூப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"நந்தன் வேஷத்துக்குக் குரல் வேணும்பா" என்றார் வாத்தியார். எங்களில் ஒருவனின் தாத்தா கூத்தில் விடிய விடியப் பாடுகிறவர். ஆனால் எங்களில் யாரையும் ஒரு வரி பாடச் சொல்லி அந்த வாத்தியார் கேட்டுப் பார்க்கவில்லை.

இருபது வருடம் கழித்து இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், ஜவளகிரியில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்தில் ஞாயிறுதோறும் படம் போடுகிறோம். யானை இறங்கும் நேரத்துக்கு முன்னால் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதால் நாலு மணிக்கே தொடங்கிவிடுவோம். வருகிறவர்களில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள், மீதிப்பேர் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வருகிறவர்கள். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைகள். போன மாதம் ஒரு தம்பி, "ஆப்பரா ஆப்பரான்னு சொல்றாங்களே, அதை எல்லாம் படமா எடுத்திருக்காங்களாண்ணா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் தொடங்கி நாலு வாரம் படம் பார்த்தோம். எங்களுக்குப் பிடித்தவற்றையும் அவை கிளப்பிய சண்டையையும் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு.

ஆப்பரா என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கதையைப் பாட்டாலேயே சொல்லும் நாடகம். நம்மிடம் அதற்கு மிக நெருங்கி நிற்பது கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'. கதாகாலட்சேபத்துக்காக அவர் இயற்றிய அந்த நூல் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரை அடக்கி வைக்கும் பண்ணையார் யாரும் கிடையாது. நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் அறுத்துக் கொடுத்தால்தான் சிதம்பரம் போகலாம் என்று நிபந்தனை போடும் வேதியரைப் படைத்தவர் பாரதிதான். இதற்காக அவருக்கு நாம் ஒரு நன்றி சொல்ல வேண்டும். பக்திக் கதைக்குள் கூலியும் நிலமும் அடிமைத்தனமும் வந்தது இந்த வேதியர் வழியாகத்தான். ஆனால் அந்தச் சிக்கலைத் தீர்த்துவைக்க அவர் சிவகணங்களை அனுப்பினார். ஆள்கள் அறுக்க வேண்டிய கதிரைப் பூதங்கள் அறுத்துவிட்டுப் போயின. கடைசியில் நந்தனைத் தீயும் 'சுத்தம்' செய்தது.

இந்தக் கீர்த்தனை சினிமாவுக்குப் போன வரலாறு தனிச் சுவை. 1935ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் ஒரு பெண், கே.பி.சுந்தராம்பாள். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் அன்றைக்கு நாடே வாய்பிளந்த தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் படித்திருக்கிறோமே தவிர பார்த்ததில்லை. பார்த்தது 1942ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்'. தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். இரண்டு படங்களுக்கும் நடுவே, 1939ல், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தார்கள். ஆலயப் பிரவேசம் நாட்டையே உலுக்கிய அந்தக் காலத்தில் திரையில் நந்தனார் வாசலில் நின்று உருகிக்கொண்டிருந்தார்.

தேசிகரின் குரலைக் குறை சொல்ல எங்களால் முடியாது. படம் ஓடும்போது கூத்துப் பாடும் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். சட்டக் கல்லூரித் தம்பி ஒருவன் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். "எவ்வளவு நேரம்ணா கெஞ்சறது?" என்று பிறகு கேட்டான். தாத்தாவுக்குக் கோபம். "அந்தப் பாட்டைப் பாடித்தான்டா எங்கப்பன் ஊருக்குள்ள ஒரு மனுஷனா நின்னான்" என்றார். நாங்கள் இருவர் பக்கமும் நின்றோம். பாபாசாகேப் 1948ல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவரின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். அயோத்திதாசப் பண்டிதரோ நந்தனைப் பௌத்த அரசனாகவே எழுதினார். ஆக, நந்தன் நம்மவன் என்பதில் சண்டை இல்லை. அவனை எந்தக் கோலத்தில், யார் குரலில் நிறுத்துகிறோம் என்பதில்தான் சண்டை.

அடுத்த வாரம் போட்டது 'கார்மென் ஜோன்ஸ்', 1954ல் வந்த அமெரிக்கப் படம். 1875ல் பாரிஸில் அரங்கேறிய பிஸேயின் 'கார்மென்' ஆப்பராதான் மூலம். அதில் நாயகி ஸ்பெயினில் சுருட்டு ஆலைத் தொழிலாளி. ஒரு சிப்பாய் அவளைக் காதலிக்கிறான், அவள் விலகிப் போகிறாள், அவன் கொன்றுவிடுகிறான். ஓட்டோ பிரெமிஞ்சரின் படத்தில் இது அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதை, அவர்களையே நடிக்க வைத்தார். சுருட்டு ஆலை பாராசூட் தொழிற்சாலை ஆனது. நாயகி டோரதி டான்ட்ரிட்ஜ் சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்.

பெருமைதான். ஆனால் டான்ட்ரிட்ஜும் நாயகன் ஹாரி பெலஃபான்டேவும் பாடகர்களாகவே பெயர் வாங்கியவர்கள். இருந்தும் படத்தில் பாட்டுக் குரல் அவர்களுடையதல்ல. ஆப்பராவுக்கு ஏற்ற குரல் வேண்டும் என்று வேறு பாடகர்களை வைத்துப் பாடவைத்தார்கள். டான்ட்ரிட்ஜுக்காகப் பாடியவர் மர்லின் ஹார்ன் என்ற வெள்ளையினப் பெண். இதைச் சொன்னதும் எங்களில் பள்ளி நாடகத்தில் நின்ற நாலுபேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "குரல் வேணும்பா" என்ற அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போய்வந்திருக்கிறது!

மூன்றாவது வாரம் அதே கார்மென், தென்னாப்பிரிக்காவில். 2005ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய 'யூ-கார்மென் ஈ-கயலிட்ஷா'. கயலிட்ஷா என்பது கேப்டவுன் நகருக்கு வெளியே நிறவெறி அரசு 1980களில் கறுப்பின மக்களைக் குடிவைத்த பகுதி. நகரத்து வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் நகருக்குள் அவர்கள் குடியிருக்கக் கூடாது என்ற கணக்கு. நம் காலனிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே இசை பிஸேயுடையது, மொழி அந்த மக்களின் கோசா மொழி. கார்மெனாக நடித்த பாலின் மலஃபானே அதே கயலிட்ஷாக்காரர். பாடல்களைக் கோசாவுக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. அவர் வாயைத் திறந்தால் வருவது அவர் குரல்.

ஓசூரில் மின்னணுக் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் தங்கை அன்றைக்கு நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள். ஆலைப் பெண்கள் கூட்டமாக வெளியே வந்து பாடும் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவங்களேதான் பாடுறாங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் கடைசிவரை பேசவில்லை. படம் முடிந்து லைட் போட்ட பிறகு சொன்னாள்: "வேணாம்னு சொன்னதுக்குக் குத்திட்டான். இதை எதுக்குக்கா வெளிநாட்டுக் கதைன்றீங்க?"

நாலாவது வாரம் முழுப்படம் போடவில்லை. 1949ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ்.கிருஷ்ணன் நிகழ்த்தும் 'கிந்தனார்' காலட்சேபத்தை மட்டும் போட்டோம். படத்துக்கு எழுதியவர் அண்ணா. கிந்தனார் பாடல்கள் உடுமலை நாராயணகவியுடையவை. எங்களைக் கேட்டால் நந்தனார் கீர்த்தனையின் ஆகச் சிறந்த திரை வடிவம் இதுதான்.

என்.எஸ்.கே. பாரதியின் அதே காலட்சேப முறையை எடுத்துக்கொண்டு கதையைத் திருப்பிப் போட்டார். நந்தன் கிந்தன் ஆனான், சிதம்பரம் பட்டணம் ஆனது, சன்னிதி பள்ளிக்கூடம் ஆனது. தீண்டாமை பார்க்கும் வாத்தியாரிடமிருந்து தப்பி ரயிலேறிப் போகும் கிந்தன், படித்துக் கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்புகிறான். பூதகணம் இல்லை, அக்கினிப் பிரவேசம் இல்லை. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947ல். கோயில் கதவு சட்டப்படி திறந்து இரண்டே வருடத்தில், பள்ளிக் கதவு என்ன ஆயிற்று என்று ஒரு நகைச்சுவை நடிகர் கேட்டார். தாத்தாவும் சட்டக் கல்லூரித் தம்பியும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரித்து முடித்ததும் கம்பெனித் தங்கை ஒரு கேள்வி போட்டாள்: "அதிகாரியா வந்ததாலதானே வாத்தியார் கும்பிடறார்? நான் பன்னெண்டாவது முடிச்சுட்டு லைன்ல நிக்கறேன். எனக்கு?"

எம்.ஏ. சமூகவியலில் இதற்கு எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. மேலே போன ஒருவரைக் காட்டி மீதிப்பேரை வாயடைக்க வைப்பது சாதிக்குப் பழகிப்போன வித்தை. கிந்தனாரிலும் அந்த ஓட்டை இருக்கிறது. என்.எஸ்.கே. பாதி வழி கொண்டுவந்து விட்டிருக்கிறார், மீதியை நாம்தான் நடக்க வேண்டும்.

ஏப்ரல் 14க்குக் காலனியில் ஒரு காலட்சேபம் போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். நம் கிந்தன் ஒரு பெண். ரயிலுக்குப் பதில் கம்பெனி பஸ். முடிவில் அவள் அதிகாரியாக வரமாட்டாள், ஷிப்ட் முடிந்து அதே உடுப்பில்தான் வருவாள். வாத்தியார் கும்பிடுவாரா மாட்டாரா என்று இன்னும் சண்டை நடக்கிறது. மெட்டுப் போடுவது தாத்தா.

யார் என்ன வேடம் என்று போன ஞாயிறு பேசத் தொடங்கினோம். தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். "மொதல்ல எல்லாரும் பாடுங்க, கேப்போம்" என்றார். பதினேழு பேர் இருந்தோம். ஒவ்வொருவராகப் பாடி முடிக்க இருட்டிவிட்டது. டார்ச் அடித்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம்.

ஜெய்பீம்.