அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையிலுள்ள திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டது, திறக்கப்பட்டதோ 2009இல். இடைப்பட்ட 18 ஆண்டுகள் அது மூடியே கிடந்தது. அதற்கான காரணம் அந்த ஊரின் பிறப்பிலேயே இருக்கிறது.

பெங்களூரு இரண்டு ஊர்களாக வளர்ந்தது. 1537இல் கெம்பேகௌடா அமைத்த பேட்டை ஒன்று. 1809இல் ஆங்கிலேயர் அதற்குக் கிழக்கே அமைத்த தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே கப்பன் பூங்கா. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்பியபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947இல்தான் மைசூரோடு சேர்ந்தது. இரு நகராட்சிகளும் 1949இல் ஒரே மாநகராட்சி ஆயின.

தண்டுக்குத் தமிழர்கள் வந்தது சென்னைப் படையோடு. சிப்பாய்கள், கொத்தனார்கள், வணிகர்கள், பங்களா வேலையாட்கள் என்று அல்சூரைச் சுற்றிக் குடியேறினார்கள். முன்பு நாக்ஸ்பேட்டை எனப்பட்டு, பின்னர் மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்ற மர்பி டவுனும் அப்படி வளர்ந்த குடியிருப்புதான். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய கல்வி அறக்கட்டளை இதே வட்டாரத்தில் இன்றும் இயங்குகிறது. ஏரியை அடுத்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படை வளாகத்துக்குள், பாறைமேல் ஒரு சிறு கல்மண்டபம் நிற்கிறது: ஊரின் எல்லையைக் காட்டும் கெம்பேகௌடா கோபுரங்கள் நான்கில் ஒன்று. கன்னட ஊரின் எல்லைக்கல்லும் தமிழ்ப் படையின் முகாமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. யார் மண் இது என்ற சண்டைக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

நினைவுச்சின்னங்களின் மீதான சண்டை வள்ளுவரோடு தொடங்கியதல்ல. 1791 பெங்களூர் முற்றுகையில் மாண்ட ஆங்கிலேயப் படையினருக்கு எழுப்பிய நினைவுத்தூணை, கன்னட இயக்கங்களின் கோரிக்கையை ஏற்று 1964இல் மாநகராட்சியே இடித்தது. தங்கள் தலைநகரிலேயே தங்கள் மொழிக்கு இடமில்லை என்ற ஆதங்கம் கன்னடர்களுக்கு நெடுநாளாக இருந்தது. தண்டில் ஆங்கிலமும் தமிழும் உருதுவுமே ஒலித்தன. அந்த ஆதங்கத்தை வெறும் வெறுப்பென்று ஒதுக்குவது நியாயமாகாது.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் வள்ளுவர் சிலையை நிறுவிய 1991, காவிரியால் கொதித்த ஆண்டு. நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் தரச் சொன்னது. அது டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் கலவரம் வெடித்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கூலித் தொழிலாளர் குடிசைகளே அதிகம் அடிபட்டன. சிலைத் திறப்பு எதிர்ப்பிலும் வழக்கிலும் சிக்கியது. நடிகர் ராஜ்குமாரை 2000இல் கடத்திய வீரப்பன், சிலையைத் திறப்பதையும் தன் கோரிக்கைகளில் சேர்த்தது தமிழர்களுக்குக் கெடுதலாகவே முடிந்தது. முறையாகப் பெறவேண்டிய உரிமை மிரட்டல் பட்டியலில் ஏறிவிட்டது.

தீர்வு பேச்சில் வந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி வள்ளுவர் சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. அதை அறிந்த சென்னைவாசிகள் குறைவு. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை நின்று பார்க்கவேண்டும்.