ஏழு வயதுத் தொழிலாளி

ஒரு பிள்ளை எந்த வயதுவரை பிள்ளை? இதற்கு எல்லாக் காலத்திலும் ஒரே விடை இருந்ததில்லை. இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இல்லை என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அதை மறுத்தார்கள். தமிழ் படித்தவர்களுக்கு அந்த மறுப்பில் வியப்பு இருக்காது. 12ஆம் நூற்றாண்டிலேயே ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடிவிட்டார். தலை நிமிர்த்தி ஆடுவதற்குச் செங்கீரை, கை கொட்டுவதற்குச் சப்பாணி, தளிர்நடைக்கு வருகை என்று மாதக் கணக்கில் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்த்துப் பார்த்துப் பாடிய மொழி இது.

ஆனால் அங்கே பாடப்பட்டவர்கள் அரசர்கள், தெய்வங்கள், அடியார்கள். ஆடு மேய்த்த பையனுக்கும் களை பறித்த சிறுமிக்கும் தாலாட்டு கிடைத்தது. அது முடிந்ததும் வேலை வந்துவிட்டது. எங்கள் பாட்டி தன் சின்ன வயதைப் பற்றிச் சொன்னதெல்லாம் தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாணி பொறுக்கியதும், வயலுக்குக் கஞ்சிக் கலயம் சுமந்ததும்தான். அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. எனக்குத்தான் கேட்கக் கேட்க வலிக்கும்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் குழந்தைப் பருவம் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது, அதுவும் அங்குலம் அங்குலமாக. 1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிரம்பாதவர்களை ஆலையில் சேர்க்கக் கூடாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்கள் நாளுக்கு 9 மணி நேரம் உழைக்கலாம். அன்றைக்கு அதுவே பெரிய சலுகை! 1891இல் அந்த ஏழு ஒன்பதானது, 1922இல் பன்னிரண்டானது, 1948இல் பதினான்கானது. பெண் பிள்ளைகளின் திருமண வயதை 14 ஆக்கவே 1929இல் சாரதா சட்டம் வர வேண்டியிருந்தது.

இத்தனை சட்டங்கள் வந்த பிறகும் சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் விடியும் முன்னே வண்டியேறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். வானம் பார்த்த பூமி, விளைச்சல் கிடையாது, வாங்கிய முன்பணத்தைக் கழிக்க வேண்டும். சின்ன விரலுக்குத்தான் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்க வரும் என்று முதலாளிகள் சொன்னார்கள். அதை நம்பிய பெரியவர்களும் இருந்தார்கள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பசியைத் தீர்க்காமல் பிள்ளையை மீட்க முடியாது என்பதைக் காமராஜர் காலத்து மதிய உணவு முன்பே காட்டியிருந்தது.

2010 முதல் 6 வயது தொடங்கி 14 வயதுவரை கல்வி சட்டப்படியான உரிமை. ஆனால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் சிறுமி கூலிக்கு ஒட்டுகிறாளா, அம்மாவுக்கு உதவுகிறாளா என்று எந்த ஆய்வாளரால் பிரித்துச் சொல்ல முடியும்? அந்த விலக்கை நீக்க வேண்டும். அதுவரை, பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாமல் வேலை செய்வதைப் பார்த்தால் 1098க்கு ஒரு போன் செய்யுங்கள்.