லூப் கழற்றப் போகும் சகோதரிக்கு



மார்க்கத்தை விளங்கிக்கொள்ள அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். லூப் பற்றிய கேள்விகளை நம் பெண்கள் என் மனைவி மூலமாகத்தான் கேட்டனுப்புகிறார்கள். அதில் குற்றமில்லை. கேட்காமலே இருந்துவிடுவதுதான் ஆபத்து. அதனால் உடம்பும் கெடுகிறது, தொழுகையும் பாழாகிறது.

1960களில் வந்த வளைந்த பிளாஸ்டிக் சாதனத்தால் ஏற்பட்ட பெயர்தான் 'லூப்'. இன்று வைப்பது பெரும்பாலும் செப்புக் கம்பி சுற்றிய 'டி' வடிவச் சாதனம். 380ஏ என்ற வகை 10 வருடம் வரை வேலை செய்யும். பிள்ளை வேண்டுமென்றாலோ, காலம் முடிந்தாலோ, உடம்புக்கு ஒத்துவராவிட்டாலோ கழற்றிவிட வேண்டும். மாதவிடாய் நின்றுபோன பிறகும் அதை மறந்து வைத்திருக்கக் கூடாது. எப்போது போட்டதென்று நினைவில்லாதவர்கள் இன்றே கிளினிக் அட்டையைத் தேடிப் பாருங்கள்.

கழற்றுவது ஒப்பரேஷன் அல்ல. படுக்க வைத்து, உட்புறம் பார்க்கும் கருவியை வைத்து, கர்ப்பப்பை வாயில் தெரியும் நூலை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுப்பார்கள். பெரும்பாலும் சில நிமிட வேலைதான். மாதவிடாய் வலிபோல ஒரு பிடிப்பு வரலாம், ஓரிரு நாள் சிறிது இரத்தம் படலாம். நூல் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். ஸ்கேன் செய்து பார்த்து ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள். வீட்டில் நீங்களே இழுத்துவிடாதீர்கள். பிறகு காய்ச்சல், கடும் வயிற்றுவலி, துர்நாற்றம், அதிக இரத்தப்போக்கு ஏதும் கண்டால் உடனே வைத்தியரிடம் போங்கள்.

"லூப் போட்டவளுக்கு இனிப் பிள்ளை தங்காது" என்ற பேச்சு உண்மையல்ல. கழற்றிய அந்த மாதமே கருத்தரிக்கலாம். பிள்ளை வேண்டாதவர்கள் கழற்றுவதற்கு முந்திய 7 நாட்கள் உறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை பயன்படுத்த வேண்டும். விந்தணு உடலுக்குள் 5 நாட்கள் வரை உயிரோடிருக்கும் என்பதே காரணம்.

கல்முனை, மருதமுனைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போனால், அவரைக் கவனிப்பது களுதாவளையைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரியாக இருக்கலாம். முஸ்லிமல்லாத பெண் பார்ப்பது கூடுமா என்று கேட்கிறார்கள். மருத்துவத் தேவைக்குக் கூடும். பெண் வைத்தியரோ மருத்துவிச்சியோ இருக்கும்போது ஆணிடம் போகக் கூடாது. அவர்கள் கிடைக்காத நிலையில், கணவர் உடனிருக்க, தேவையான அளவுக்கு ஆண் வைத்தியரும் பார்க்கலாம்.

இனித் தொழுகை. லூப் கழற்றியதற்காகக் குளிப்புக் கடமையாகாது. ஆனால் வுழு முறிந்துவிடும். மாதவிடாய்க் காலத்துக்கு வெளியே படும் இரத்தம் ஒரு பகல் ஓர் இரவு அளவை எட்டாவிட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் அது ஹைழ் அல்ல, இஸ்திஹாழா. அதற்காகத் தொழுகையை விடக் கூடாது. நேரம் வந்ததும் கழுவி, துணி வைத்து, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழுச் செய்து தொழ வேண்டும். அந்த அளவை எட்டினால், முந்திய ஹைழ் முடிந்து 15 நாட்கள் சுத்தமாக இருந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்திருந்தால் அது ஹைழ். ஹைழின் உச்ச எல்லையும் 15 நாட்களே. இந்தக் கணக்குக்காகத் தேதிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் அதைக் காட்டி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்கலாம்.

நோன்புப் பகலில் கழற்றப் போகாதீர்கள். உள்ளே கருவி வைப்பதால் நோன்பு முறியும் என்பது நம் மத்ஹபின் சட்டம். முறியாது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. அவசரமில்லாதபோது இந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் நாம் ஏன் போக வேண்டும்?

கடைசியாக, கணவர்களும் கேட்கட்டும். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஸஹாபாக்கள் அஸ்ல் செய்ததை ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதற்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்று இமாம்கள் பலர் கூறினார்கள், பிள்ளையில் அவளுக்கும் உரிமை இருப்பதால். பால் மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்து பேசி முடிவெடுக்கும்படி சூரத்துல் பகரா வழிகாட்டுகிறது. அப்படியிருக்க, மனைவியின் உடம்பில் இருப்பதை வைப்பதும் எடுப்பதும் மாமியார் முடிவாகவோ கணவரின் கட்டளையாகவோ இருப்பது எப்படிச் சரியாகும்? அவள் வலியென்று சொன்னால் நம்புங்கள். கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப் போங்கள். அன்று வீட்டு வேலையில் ஒரு பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஸாலிஹான சந்ததிகளையும் உடல் நலத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.